பாட்டுப் போட்டிக்கு நடுவே போலந்து: எந்தச் சரித்திர இடங்களைக் காட்டலாம்?

கேள்வி இதுதான். நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஐரோப்பிய நாடுகள் வருடந்தோறும் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் பாணியில், இணையத்தில் விளையாட்டாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பாட்டு, கடைசியில் 12, 10, 8 என்று மதிப்பெண். இந்தச் சுற்றை நடத்தும் பொறுப்பு போலந்தை எடுத்தவருக்கு வந்திருக்கிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் போலந்தின் சரித்திர இடங்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்ய நினைக்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது, என்ன சொல்வது என்று கேட்கிறார்.

நல்ல யோசனை. யூரோவிஷனிலேயே இந்தப் பழக்கம் 1970-இல் ஆம்ஸ்டர்டாமில்தான் தொடங்கியது. அந்த வருடம் பல நாடுகள் விலகிக்கொண்டதால் 12 நாடுகள்தான் பாடின. நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு குறும்படம் போட்டார்கள். நேரத்தை நிரப்பச் செய்த ஏற்பாடு பிறகு போட்டியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அவற்றைப் 'போஸ்ட்கார்டு' என்றுதான் ரசிகர்கள் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாக எடுத்துப் போடாதீர்கள். அதில் போலந்துக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. எல்லாமே அழகானவைதான். ஆனால் ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், இன்னொரு கோட்டை என்று வரிசையாக வந்தால் நாலாவது படத்துக்குமேல் யாரும் கவனித்துப் பார்க்க மாட்டார்கள். உங்கள் நண்பர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள். அதனால் தனக்கென்று ஓர் ஓசை உள்ள இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி, ஓர் எக்காளம், தேவாலயங்களில் இருக்கும் பெரிய குழாய் இசைக்கருவியான ஆர்கன் ஒன்று, ஒரு பாட்டு மேடை, அல்லது அந்த இடத்தில் பாடப்பட்ட ஒரு பாட்டு. போலந்தில் இதற்குப் பஞ்சமே இல்லை.

கிராக்கோவிலிருந்து தொடங்குங்கள். அங்கே பெரிய சந்தைச் சதுக்கத்தின் மூலையில் புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. அதன் இரண்டு கோபுரங்களில் உயரமானது 80 மீட்டருக்கு மேல். அந்தக் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும், ஒருவர் ட்ரம்பெட் ஊதுகிறார். அந்த மெட்டுக்கு 'ஹெய்னாவ்' என்று பெயர். ஊதுபவர்கள் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். நகரத்தில் எங்கே தீப்பிடித்தாலும் கோபுரத்திலிருந்து பார்த்து எச்சரிப்பது பழைய காலத்துக் காவல்காரரின் வேலை. அந்த வேலையின் தொடர்ச்சியாகவே இன்றும் அவர்கள் ஏறுகிறார்கள். நாலு திசைக்கும் ஒவ்வொரு தடவை ஊதுவார்கள். ஒவ்வொரு தடவையும் மெட்டு பாதியிலேயே சட்டென்று நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது? 1241-இல் தாத்தாரியர், அதாவது மங்கோலியர், படையெடுத்து வந்தபோது எச்சரிக்கை ஊதிய காவல்காரரின் தொண்டையில் அம்பு பாய்ந்தது, அவர் நிறுத்திய இடத்தில்தான் இன்றும் நிறுத்துகிறார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் இதற்குப் பழைய ஆவணம் எதுவும் கிடையாது. இன்றைய தேவாலயக் கட்டடமே அந்தப் படையெடுப்புக்குப் பிற்பட்டது. அம்புக் கதை பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான். கதையைச் சொல்லுங்கள், ஆனால் கதை என்று சொல்லியே சொல்லுங்கள். அதற்குப் பிறகு நிஜமாக நடந்ததைச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். 1944 மே 18 அன்று இத்தாலியின் மொந்தே கசீனோ குன்றைப் போலந்துப் படைவீரர்கள் பிடித்தார்கள். மாதக்கணக்கில் நேச நாட்டுப் படைகள் மோதி மோதித் திரும்பிய குன்று அது. அன்று நண்பகலில், இடிந்த மடாலயத்தின் மேலிருந்து எமில் செக் என்ற எக்காளக்காரர் இந்த மெட்டைத்தான் ஊதினார். சொந்த ஊர் இன்னும் ஜெர்மானியர் கையில் இருந்த நேரம்.

போலந்து வானொலி 1927-இலிருந்து நண்பகல் ஹெய்னாவை நாடு முழுக்க நேரடியாக ஒலிபரப்புகிறது. அவர்களுடைய நண்பகல் 12 மணி, இந்தியாவிலும் இலங்கையிலும் கோடையில் மாலை 3:30, குளிர்காலத்தில் 4:30. போட்டியின் தொடக்கத்தை அந்த நேரத்துக்குச் சரியாக வைத்துக்கொண்டால், முதல் போஸ்ட்கார்டில் நேரடி ஒலியையே போடலாம். இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கிராக்கோவிலேயே வாவெல் குன்று இருக்கிறது. போலந்து மன்னர்கள் முடிசூடியதும் அடக்கமானதும் அந்தக் குன்றின் தேவாலயத்தில்தான். நான் என்றால் அரண்மனையை விட்டுவிட்டு மணியை எடுப்பேன். நியூரம்பெர்க்கிலிருந்து வந்த ஹான்ஸ் பேஹாம் என்ற வார்ப்புக்காரர் 1520-இல் வார்த்த 'சிக்மண்ட்' மணி அங்கே தொங்குகிறது. எடை 12 டன்னுக்கு மேல். அதை ஆட்டுவதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். பெரிய திருநாட்களிலும், நாட்டுக்கே முக்கியமான நாட்களிலும் மட்டும்தான் ஒலிக்கும். அதனால் அது ஒலித்தால் கிராக்கோக்காரர்கள் என்ன செய்தி என்று விசாரிப்பார்கள். 2000 டிசம்பரில் அதன் நாக்கு விரிசல் விட்டது. மறு வருடம் புதிய நாக்கு மாட்டினார்கள்.

அடுத்தது வார்சா. இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய நகரத்தின் படத்தை மட்டும் போட்டால் பார்ப்பவருக்கு உண்மை தெரியாது. வண்ண வண்ண வீடுகள், கல் பாவிய சதுக்கம், பார்த்தால் அறுநூறு வருடப் பழமை. உண்மையில் அதில் பெரும்பகுதி 1953-க்குச் சற்று முன்பின் கட்டியது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக 1944 ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 2 வரை நடந்த வார்சா எழுச்சியை அடக்கிய பிறகு, நாஜிப் படைகள் நகரத்தைத் தெருத் தெருவாகத் தகர்த்தன. பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. போர் முடிந்ததும் மக்கள் அதைப் பழையபடியே எழுப்பினார்கள். வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலைத் துறையினர் போருக்கு முன்பு அளந்து வரைந்த படங்களை ஒரு மடாலயத்தில் ஒளித்துக் காப்பாற்றியிருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்தோ பெல்லோத்தோ தீட்டிய நகரக் காட்சிகளும் கைகொடுத்தன. 1980-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது, மீண்டும் கட்டிய அந்த உழைப்பையே காரணமாகக் காட்டினார்கள். இடிபாட்டுப் படம் ஒன்றையும் இன்றைய படம் ஒன்றையும், ஒரே கோணத்தில், அடுத்தடுத்து போடுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

ஓசை? அதுவும் இருக்கிறது. 1939 செப்டம்பர் 17 அன்று குண்டுவீச்சில் அரச மாளிகை தீப்பற்றியபோது கோபுரக் கடிகாரம் 11:15-இல் நின்றது. 1944-இல் ஜெர்மானியர்கள் மாளிகையையே வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். பழைய நகரம் எழுந்த பிறகும் மாளிகை இருந்த இடம் வெகு காலம் வெறுமையாகக் கிடந்தது. 1971-இல்தான் கட்ட முடிவானது. மக்கள் தந்த நன்கொடையில் கட்டினார்கள். 1974 ஜூலை 19 அன்று, நின்ற அதே 11:15-க்குக் கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டார்கள். இப்போது தினமும் 11:15-க்கு அந்தக் கோபுரத்திலிருந்து வார்சாவின் ஹெய்னாவ் ஒலிக்கிறது.

வார்சா என்றால் பியானோ இசையமைப்பாளர் ஷோப்பானை விட முடியாது. ஆனால் எல்லோரும் போடும் சிலைப் படத்துக்குப் பதிலாகத் திருச்சிலுவை தேவாலயத்தின் தூணைக் காட்டுங்கள். ஷோப்பான் 1810-இல் வார்சாவுக்கு மேற்கே ஷெலசோவா வோலா என்ற ஊரில் பிறந்தார். 1849-இல் பாரிசில் இறந்தார். உடல் பாரிசில் இருக்கிறது. இதயத்தை மட்டும் அக்கா லூத்விகா வார்சாவுக்குக் கொண்டுவந்தார். அது அந்தத் தூணுக்குள் இருக்கிறது. 1944 எழுச்சியின்போது தேவாலயம் போர்க்களமானதால் அதை வெளியே எடுத்துச் சென்றார்கள். 1945 அக்டோபர் 17 அன்று, அவர் இறந்த தேதியிலேயே, திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். நகரத்தில் ஷோப்பானோடு தொடர்புள்ள இடங்களில் கறுப்புக் கல் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அவர் இசை கேட்கும். வாஜியென்கி பூங்காவில் அவர் சிலைக்கு அடியில் கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகப் பியானோக் கச்சேரி நடக்கிறது. 1959-இலிருந்து நடக்கும் வழக்கம் அது. புல்தரையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

இப்போது உங்கள் போட்டிக்கே மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், ஒரே ஒரு போஸ்ட்கார்டுதான் போட முடியும் என்றால் இதைத்தான் போடச் சொல்வேன்.

விளாதிஸ்வாஃப் ஷ்பில்மான் என்ற பியானோக் கலைஞர் 1939 செப்டம்பர் 23 அன்று போலந்து வானொலியில் ஷோப்பானை நேரடியாக வாசித்தார். வெளியே குண்டு விழுந்துகொண்டிருந்தது. அன்றோடு வானொலி அடங்கியது. யூதரான அவர், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவிலிருந்து தப்பி, பிறகு நகரத்தின் இடிபாடுகளுக்குள் ஒளிந்து பிழைத்தார். குடும்பம் முழுவதையும் இழந்தார். போருக்குப் பிறகு வானொலிக்கே திரும்பி வந்து இசை வேலையைத் தொடர்ந்தார், நூற்றுக்கணக்கான ஜனரஞ்சகப் பாடல்களுக்கு மெட்டமைத்தார். பலருக்குத் தெரிந்த கதை இதுவரைதான். 1961-இல் சோபோத் சர்வதேசப் பாட்டு விழாவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் இதே ஷ்பில்மான்தான்.

அந்த விழாவின் முதல் சில வருடங்கள் கிடான்ஸ்க் கப்பல்கட்டும் தளத்தின் கூடத்தில் நடந்தன. 1964-இல் பக்கத்து ஊரான சோபோத்தின் 'ஓப்பெரா லெஷ்னா'வுக்கு மாறியது. லெஷ்னா என்றால் காட்டுக்குள் இருப்பது. பெயருக்கு ஏற்றபடி மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் அமைந்த திறந்தவெளி அரங்கம். 1909-இல், சோபோத் ஜெர்மனியின் ஊராக இருந்தபோது திறந்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அங்கே வாக்னரின் ஓப்பெராக்கள் நடந்தன. இன்று கூரை போட்ட, ஏறத்தாழ 5,000 பேர் உட்காரக்கூடிய இடம்.

1977 முதல் 1980 வரை இந்த அரங்கத்தில் 'இன்டர்விஷன்' போட்டி நடந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கு யூரோவிஷன் என்றால், சோவியத் அணி நாடுகளின் தொலைக்காட்சிகளுக்கு இது. 1980 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 14-ஆம் தேதி கிடான்ஸ்க் கப்பல்கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்குகிறது. தொழிலாளர்கள் இரண்டு பலகைகளில் 21 கோரிக்கைகளை எழுதி இரண்டாம் எண் வாயிலில் தொங்கவிடுகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி சோபோத்தில், அதே நாட்களில், பாட்டுப் போட்டி நடந்து முடிகிறது. பின்லாந்தின் மரியன் ரூங் வெல்கிறார். 31-ஆம் தேதி அரசாங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறது. சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறக்கிறது. அதற்குப் பிறகு சோபோத்தில் இன்டர்விஷன் நடக்கவில்லை. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது.

1961-இல் முதல் பாட்டு விழா நடந்த அதே கப்பல்கட்டும் தளம்தான் வேலைநிறுத்தம் நடந்த தளமும். கோரிக்கைப் பலகைகள் இப்போது யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பதிவேட்டில் இருக்கின்றன. வாயிலுக்கு அருகே, 1970 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக 42 மீட்டர் உயரத்தில் மூன்று சிலுவைகள் நிற்கின்றன. அதை 1980 டிசம்பர் 16 அன்று திறந்தார்கள். நான் சொல்லும் போஸ்ட்கார்டுக்கு இரண்டு படம் போதும்: காட்டு அரங்கம், கப்பல்கட்டும் தளத்து வாயில். நடுவில் ஷ்பில்மானின் பெயர்.

கிடான்ஸ்குக்கு இன்னொன்று கொடுக்க இடம் இருந்தால் ஒலிவா தேவாலயத்தின் ஆர்கன். 18-ஆம் நூற்றாண்டில் யான் வுல்ஃப் என்ற துறவி கால் நூற்றாண்டு உழைத்துச் செய்தது. வாசிக்கும்போது மரத் தேவதைகள் மணியை ஆட்டும், எக்காளத்தைத் தூக்கும், நட்சத்திரம் சுழலும். வீடியோவாகப் போட்டால்தான் இது எடுபடும். படம் போட்டால் வெறும் அலங்காரமாகத் தெரியும்.

ஓபோலேயை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் யாரும் கேட்டிராத ஊர், ஆனால் போலந்துப் பாட்டுக்கு அதுதான் தலைநகரம். 1963-இலிருந்து தேசியப் பாட்டு விழா அங்கே ஒரு திறந்தவெளி அரங்கத்தில் நடக்கிறது. அரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய வட்டக் கோபுரம் நிற்கும். பியாஸ்த் வம்சத்து இளவரசர்களின் கோட்டையில் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் 1930 வாக்கில், ஊர் ஜெர்மனியிடம் இருந்தபோது, அலுவலகக் கட்டடம் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். விழாவின் தொலைக்காட்சிப் படங்களில் பாடுபவர் பின்னால் இந்தக் கோபுரம் தெரியும். போலந்துப் பாட்டுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் அந்த ஊரில் இருக்கிறது.

வியெலிச்கா உப்புச் சுரங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பலருக்கும் தெரியும். 13-ஆம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கி 1996 வரை உப்பு எடுத்த சுரங்கம். ஆனால் அரண்மனைபோல இருக்கும் புனித கிங்கா வழிபாட்டுக் கூடத்தைக் காட்டும்போது, அது 101 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, தரையிலிருந்து சரவிளக்கு வரை உப்பு, செதுக்கியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள் என்ற மூன்றையும் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே கச்சேரியும் நடக்கிறது. அப்புறம் போஸ்னான். நகர மன்றக் கோபுரத்தில் நண்பகலில் இரண்டு இயந்திர ஆடுகள் வெளியே வந்து பன்னிரண்டு தடவை முட்டிக்கொள்ளும். 1551-இல் தொடங்கிய வழக்கம். கனமான கதை ஒன்றுக்குப் பிறகு இதை வையுங்கள். குழந்தைகள் யாராவது கூட இருந்து பார்த்தால் மறுபடி போடச் சொல்வார்கள்.

மேற்குப் பக்கம் போனால் விராட்ஸ்வாஃப். இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1945 வரை இது ப்ரெஸ்லாவ் என்ற ஜெர்மானிய நகரம். போருக்குப் பிறகு எல்லைகள் நகர்ந்தபோது ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கில் ஊரை இழந்த போலந்துக்காரர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். இதைச் சொல்லாமல் வெறுமனே 'போலந்தின் அழகிய நகரம்' என்று போட்டால் பாதிக் கதை போய்விடும். நூற்றாண்டு மண்டபத்தைக் காட்டுங்கள். மாக்ஸ் பெர்க் வடிவமைத்து 1913-இல் திறந்தது. 65 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் கம்பி கான்கிரீட் குவிமாடம், அந்தக் காலத்தில் யாரும் செய்யாத துணிச்சல். உள்ளே அன்றைக்கு உலகத்திலேயே மிகப் பெரிய ஆர்கன் இருந்தது. போருக்குப் பிறகு அதன் பாகங்களில் பெரும்பகுதி நகரத்தின் பேராலயத்து ஆர்கனுக்குப் போனது. இன்றும் அங்கே ஒலிக்கிறது. ஒவ்வொரு வருடமும் மே 1 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் கிட்டாரோடு சந்தைச் சதுக்கத்தில் கூடி ஒரே பாட்டை ஒன்றாக வாசித்து உலக சாதனைக்கு முயல்வதும் இந்த ஊரில்தான்.

அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஷ்விட்னிட்சா. அங்கே 'சமாதான தேவாலயம்' என்று ஒரு மரக் கட்டடம். முப்பதாண்டுப் போர் 1648-இல் முடிந்தபோது, கத்தோலிக்கப் பேரரசர் சைலீசியா என்ற இந்தப் பகுதியின் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு மூன்றே மூன்று தேவாலயங்கள் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். நிபந்தனைகள் கடுமையானவை. நகரச் சுவருக்கு வெளியே கட்ட வேண்டும். கல் கூடாது, மரம், களிமண், வைக்கோல் மட்டும். கோபுரம் கூடாது. ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும். நிலைக்காது என்று நினைத்து விதித்த நிபந்தனைகள். மூன்றில் ஒன்று தீயில் போனது. யாவொரிலும் ஷ்விட்னிட்சாவிலும் உள்ளவை மூன்றரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கின்றன. ஷ்விட்னிட்சாவில் ஏறத்தாழ 7,500 பேர் கூட முடியும். இப்போது அங்கே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) இசைக்கென்று விழா நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் களஞ்சியம்போல இருக்கும். அதனால் வெளிப்படத்தை முதலிலும் உட்புறத்தை அடுத்தும் போடுங்கள்.

மால்போர்க் கோட்டை இல்லாமல் பட்டியலா என்று யாராவது கேட்பார்கள். சரி, போடுங்கள். செங்கல்லால் கட்டிய கோட்டைகளில் அதற்கு ஈடு உலகில் இல்லை. ஆனால் அது போலந்து மன்னர்கள் கட்டியது அல்ல, அவர்களோடு சண்டைபோட்ட டியூட்டானிய வீரத்துறவிகள் என்ற ஜெர்மானியத் துறவிப் படையின் தலைமையிடம் என்பதைச் சொல்லிவிடுங்கள். 1410 ஜூலை 15 அன்று க்ருன்வால்டில் போலந்து, லிதுவேனியப் படைகள் அந்தத் துறவிகளைத் தோற்கடித்தன. போருக்கு முன்பு போலந்து வீரர்கள் இறைத்தாயைப் போற்றும் பழைய கீர்த்தனை ஒன்றைச் சேர்ந்து பாடினார்கள் என்று வரலாற்றாசிரியர் யான் த்லுகோஷ் எழுதுகிறார். போலிஷ் மொழியில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய பாட்டு அதுதான். ஆனாலும் மால்போர்க் அப்போது விழவில்லை. 1457-இல்தான் கைமாறியது, அதுவும் சண்டையில் இல்லை. கோட்டையைக் காத்த கூலிப்படைக்குத் துறவிகள் சம்பளம் கொடுக்கவில்லை. படைத்தலைவர் அதைப் போலந்து மன்னரிடம் விற்றுவிட்டார்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவுஷ்விட்ஸ் முகாமைப் போஸ்ட்கார்டாகப் போடாதீர்கள். 'சரித்திர இடம்' என்ற தலைப்புக்குள் அது வரும், யுனெஸ்கோ பட்டியலிலும் 1979-இலிருந்து இருக்கிறது. ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட இடம் அது. முன்னும் பின்னும் ஆட்டப் பாட்டு ஓட, நடுவில் முப்பது விநாடிக்கு அதைக் காட்டுவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. போலந்தின் யூதர்களைப் பற்றிப் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை, பேசத்தான் வேண்டும். அதற்குக் கிராக்கோவின் கஷிமியெஷ் பகுதியை எடுங்கள். போருக்கு முன் கிராக்கோவில் 60,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் கொல்லப்பட்டார்கள். பழைய ஜெபக்கூடங்கள் இன்னும் நிற்கின்றன. 1988-இலிருந்து அங்கே யூதப் பண்பாட்டு விழா நடக்கிறது. அகலமான ஷெரோகா தெருவில் நள்ளிரவு தாண்டியும் யூதர்களின் மரபிசையான க்ளெஸ்மர் கேட்ட கோடைகள் பல உண்டு. வாழ்ந்தவர்களை அவர்களுடைய இசையோடு நினைவுகூர அந்தத் தெரு பொருத்தமான இடம்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் சேருங்கள்: கிடான்ஸ்குக்குத் தென்மேற்கே பெந்தோமின் என்ற சின்ன கிராமத்து வீடு. போலந்தின் தேசிய கீதத்தை எழுதிய யூசெஃப் விபிட்ஸ்கி 1747-இல் பிறந்த வீடு அது; இப்போது தேசிய கீத அருங்காட்சியகம். கீதத்தை அவர் எழுதியது போலந்தில் இல்லை. நாடே வரைபடத்திலிருந்து அழிந்துபோயிருந்த 1797-இல், இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகரத்தில், நாடு கடந்து திரண்ட போலந்துப் படைவீரர்களுக்காக எழுதினார். அதனால் அந்தக் கீதத்தில் இத்தாலியின் பெயர் வருகிறது. இத்தாலியின் தேசிய கீதத்தில் போலந்தின் பெயர் வருகிறது. ஒரு நாட்டின் கீதம் இன்னொன்றை இப்படிப் பரஸ்பரம் பேர் சொல்வது அபூர்வம்.

இதிலிருந்துதான் உங்கள் போட்டியை எப்படித் தொகுப்பது என்ற யோசனை எனக்கு வருகிறது. எந்த நாட்டுப் பாட்டுக்கு முன்னால் எந்த இடம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்காதீர்கள். போலந்தின் இடங்களில் பாதிக்குமேல் வேறொரு நாட்டோடு கதை இருக்கிறது. இத்தாலியை எடுத்தவருக்கு மேலே சொன்ன பெந்தோமின், அல்லது பதுவாக்காரர் பெர்னார்தோ மொராந்தோ திட்டமிட்ட ஜமோஷ்ச் நகரம். அர்மீனியா இருந்தால் அதே ஜமோஷ்சின் சதுக்கத்தில் அர்மீனிய வணிகர்கள் கட்டிய வண்ண வீடுகள். ஹங்கேரிக்கு வியெலிச்கா, புனித கிங்கா ஹங்கேரி இளவரசி. ஜெர்மனிக்கு சிக்மண்ட் மணி. ஸ்வீடனுக்கு வார்சா மாளிகை முன்னால் 1644-இல் நிறுத்திய மூன்றாம் சிக்மண்டின் தூண். கொஞ்ச காலம் அவர் இரண்டு நாட்டுக்கும் மன்னராக இருந்தார். பிரான்சுக்கு ஷோப்பானின் இதயம். பின்லாந்துக்குக் கேள்வியே இல்லை, சோபோத் அரங்கம். லிதுவேனியாவுக்கு க்ருன்வால்டு. உக்ரைனுக்குக் கார்பாத்திய மலையின் மரத் தேவாலயங்கள். 16 கட்டடங்கள், எட்டு போலந்தில், எட்டு உக்ரைனில், ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தவை. செக் குடியரசுக்கு மால்போர்க், விற்ற அந்தப் படைத்தலைவர் செக் நாட்டவர்.

யாராவது இந்தியப் பாட்டோடு வந்தால்? வார்சாவின் ஓஹோட்டா பகுதியில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' இருக்கிறது. சோவியத் நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கிருந்து வெளியேறிய நூற்றுக்கணக்கான போலந்துக் குழந்தைகளுக்கு 1942-இல் குஜராத்தின் பாலாச்சடியில் இடம் கொடுத்து வளர்த்த நவாநகர் மன்னர் ஜாம் சாஹிப் திக்விஜய்சிங்ஜியின் பெயரில் அமைந்தது. வெறும் சின்னப் பூங்காதான், அழகுக்காக யாரும் போக மாட்டார்கள். ஆனால் போட்டியில் இந்தியர் இருந்தால் மற்ற எதையும்விட இதையே அவருக்குக் கொடுங்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்துக்கு ஒரு கதை, நாலைந்து வரி, இரண்டு படத்துக்கு மேல் வேண்டாம். ஒலி கிடைத்தால் பத்து விநாடி ஒலி. பாட்டு தொடங்கும் முன் இரண்டு விநாடி அமைதி விடுங்கள், இல்லையென்றால் மணியோசையும் பாட்டின் முதல் சுருதியும் மோதும். பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள கட்டடங்களையும் சிலைகளையும் படமெடுத்துப் பகிர போலந்துச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் படம் எடுத்தவரின் உரிமை தனி, அதனால் விக்கிமீடியா காமன்சில் எடுத்தாலும் எடுத்தவர் பெயரைப் போடுங்கள். வார்சாபோல மீண்டும் கட்டிய இடங்களில் படம் எந்த வருடத்தது என்றும் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பதிவு செய்வதாக இருந்தால் போலந்துக்காரர் ஒருவர் உச்சரிப்பதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எழுத்தைப் பார்த்துப் படித்தால் அவர்களுக்கே அடையாளம் தெரியாது.

இணையத்திலேயே நடத்துவதால் குறையாகிவிடுமோ என்ற தயக்கமும் வேண்டாம். 2020-இல் குழந்தைகளுக்கான யூரோவிஷனை வார்சாவிலிருந்து நடத்தியது போலந்துதான். தொற்றுக் காலம் என்பதால் பெரும்பாலும் அவரவர் நாட்டில் ஒரே மாதிரி மேடை போட்டுப் பாடிப் பதிவு செய்து அனுப்பினார்கள். தொகுப்பாளர்கள் வார்சாவில் இருந்தார்கள். 12 நாடுகள் கலந்துகொண்டன, பிரான்ஸ் வென்றது. அந்த நிகழ்ச்சியின் பதிவைத் தேடி எடுத்து, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு எப்படி நகர்கிறார்கள் என்பதை மட்டும் ஒருமுறை பாருங்கள். உங்கள் நேரக் கணக்கைப் போட அது உதவும்.